அவன் தூங்கிய பிறகுதான் எனக்கு அழ நேரம் கிடைக்கிறது

பொருநைக்கரை | இரவு 1.20

இந்தப் பெற்றோர் குழுவில் மற்றவர்கள் எழுதுவதை இரண்டு வருடமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

என் மகனுக்கு 11 வயது. மூளை முடக்குவாதம். உட்கார வைத்தால் பிடித்துக்கொள்ள வேண்டும். பேச்சு கிடையாது, ஆனால் எல்லாம் புரியும். 27 கிலோ இருக்கிறான். ஒரு நாளைக்கு எத்தனை தடவை அவனைத் தூக்குகிறேன் என்று போன வாரம் எண்ணிப் பார்த்தேன். 31 தடவை.

போன புதன்கிழமை மைனி மகளுக்கு வளைகாப்பு. அவனையும் தூக்கிக்கொண்டு போயிருந்தோம். வளையல் போட நான் எழுந்தபோது ஒரு பெரியம்மா என் கையைப் பிடித்து, "நீ கடைசியா போட்டுக்கலாம்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னார். கடைசியில் என்னை யாரும் கூப்பிடவில்லை. நானும் போகவில்லை.

வீட்டுக்கு வந்து அவனுக்குச் சோறு ஊட்டினேன். ஒரு வேளைச் சாப்பாடு 50 நிமிடம் ஆகும். நாலாவது வாயைத் துப்பினான். கையில் ஒரு அடி வைத்துவிட்டேன். இதுவரை அடித்ததே இல்லை. அவனோ நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தான். கண்ணை மூடினால் அந்தச் சிரிப்புதான் வருகிறது. நாலு நாளாகத் தூக்கமில்லை.

கேட்க வந்தது இரண்டு விஷயம். பிள்ளை மேல் உயிரையே வைத்திருக்கிற அம்மாவுக்கு அவன் மேலேயே இவ்வளவு கோபம் வருமா? பிள்ளைக்காக இல்லாமல், தனக்காக டாக்டரிடம் போன அம்மா யாராவது இங்கே இருக்கிறீர்களா?

"சாமி உன்னை நம்பித்தான் கொடுத்திருக்கு" என்று மட்டும் தயவுசெய்து யாரும் எழுதாதீர்கள். பதினோரு வருடமாகக் கேட்டாகிவிட்டது.

வேப்பமரத்தடி | இரவு 2.05

நானும் முழித்துக்கொண்டுதான் இருக்கிறேன் தங்கச்சி. என் மகளுக்கு ஆட்டிசம், 23 வயது. இன்றைக்கு அவளுக்குத் தூக்கம் வராத நாள்.

கோபம் வரும். எனக்கு வந்திருக்கிறது. அவளுக்கு ஒன்பது வயது இருக்கும்போது ஒரு நாள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, வாயில் துண்டை வைத்துக் கத்தினேன். அவள் வெளியே கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள். அவளை வெறுத்ததால் வந்த கோபம் இல்லை அது. ஒன்பது வருடம் முழு இரவு தூங்காத உடம்புக்கு வந்த கோபம். நான் அதைப் புரிந்துகொள்ளவே ரொம்ப நாளானது.

டாக்டரிடம் போனேனா என்றால், போனேன். ஆனால் மனசுக்கு என்று போகவில்லை. கழுத்து வலி, முதுகு வலி, தலை கனம், நெஞ்சில் கல் வைத்த மாதிரி ஒரு பாரம், அதற்குத்தான் போனேன். எக்ஸ்ரே எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், எல்லாம் நார்மல் என்று வந்தது. அரசு மருத்துவமனையில் ஒரு இளம் டாக்டர்தான், "கடைசியாக எப்போது உங்களுக்குப் பிடித்த ஒன்றைச் செய்தீர்கள்?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு ஒன்றுமே ஞாபகம் வரவில்லை. அங்கேயே அழுதுவிட்டேன். மனநலப் பிரிவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். மாத்திரை ஆரம்பித்து மூன்று வாரம் ஒரு மாற்றமும் தெரியவில்லை. நாலாவது வாரம் ஒரு நாள் காலையில் டிகாஷன் வாசம் தெரிந்தது. அதுவரை வாசமே தெரியாமல் இருந்திருக்கிறேன் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

வளையல் விஷயத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. படித்ததும் கையெல்லாம் நடுங்கியது.

நல்லதே_நினைப்போம் | காலை 6.40

சகோதரி, உங்கள் மனவேதனை புரிகிறது. ஆனால் மாத்திரை என்ற முடிவுக்கு உடனே போக வேண்டாம் என்பது என் கருத்து. அது பழகிவிடும், தூக்கத்திலேயே வைத்திருக்கும், அப்புறம் பிள்ளையை யார் பார்ப்பார்கள்? தினமும் அரை மணி நேரம் தியானம், விளக்கேற்றிக் கந்த சஷ்டி கவசம். என் அக்கா இப்படித்தான் சமாளித்தார். அம்மாவின் மனதைரியத்துக்கு மிஞ்சிய மருந்து இல்லை.

வேப்பமரத்தடி | காலை 7.15

கவசம் நானும் சொல்கிறேன் ஐயா, தினமும். எனக்கு அதில் ஆறுதல் உண்டு. ஆனால் சர்க்கரை வந்தவரிடம் தைரியமாக இரு, மாத்திரை வேண்டாம் என்று சொல்வீர்களா? எனக்குக் கொடுத்த மாத்திரை பழக்கமாகவில்லை. ஒன்றரை வருடம் சாப்பிட்டேன். டாக்டர் சொல்லச் சொல்லக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினேன். திடீரென்று நானாக நிறுத்தியிருந்தால்தான் சிரமப்பட்டிருப்பேன்.

உங்கள் அக்கா சமாளித்தார் என்கிறீர்கள். அவரிடம் யாராவது கேட்டிருக்கிறார்களா, எப்படி இருக்கிறாய் என்று? குத்தலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். என்னையும் ஊரில் எல்லோரும் தைரியசாலி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள், நான் குளியலறையில் கத்திக்கொண்டிருந்தபோதும்.

பாலாற்றங்கரை | காலை 10.30

நான் மனநலப் பிரிவில் சமூகப் பணியாளர். பதினாறு வருடமாக இப்படிப்பட்ட அம்மாக்களோடுதான் என் வேலை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொருநைக்கரை, முதலில் ஒன்று. நீங்கள் அனுபவிப்பதில் ஒரு பகுதிக்கு நோய் என்றே பெயர் இல்லை. 1962-ல் சைமன் ஒல்ஷான்ஸ்கி என்ற அமெரிக்கர், அறிவுத்திறன் குறைபாடு உள்ள பிள்ளைகளின் பெற்றோரைப் பார்த்துவிட்டு, இது வாழ்க்கை முழுக்கக் கூட வருகிற துயரம், இயற்கையானது, இதை மனக்கோளாறு என்று பார்க்காதீர்கள் என்று எழுதினார். "ஏற்றுக்கொள்ளுங்கள், ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று பெற்றோரை நெருக்கிக்கொண்டிருந்த என்னைப் போன்றவர்களுக்குத்தான் அதை எழுதினார். பக்கத்து வீட்டுப் பையன் சைக்கிள் ஓட்டும்போது, தங்கச்சி மகள் பெரியவளாகும்போது, ஒரு வளைகாப்பில், அது திரும்பத் திரும்ப எழும். எழுந்தால் நீங்கள் பிள்ளையை ஏற்றுக்கொள்ளவில்லை என்று அர்த்தம் இல்லை.

ஆனால் அந்தத் துயரத்தின் மேலேயே மனச்சோர்வு நோயும் வந்து உட்காரலாம். அது வேறு, அதற்கு வைத்தியம் உண்டு. பெரும்பாலான நாட்கள், நாள் முழுக்க, இரண்டு வாரத்துக்கு மேல் மனம் கனத்தே இருக்கிறதா? பிள்ளை தூங்கினாலும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லையா? பசி, ருசி போய்விட்டதா? எதிலும் நாட்டம் இல்லையா? இதில் சிலவற்றுக்கு ஆமாம் என்றாலும் தள்ளிப்போடாதீர்கள். மாவட்ட மனநலத் திட்டத்தில் மாவட்ட அரசு மருத்துவமனையிலேயே மனநல டாக்டர் இருக்கிறார். ஓ.பி. சீட்டு போதும்.

இன்னொன்று. இதை நான் ஒவ்வொரு அம்மாவிடமும் நேராகவே கேட்பேன், உங்களிடமும் கேட்கிறேன். "நான் போனால் அவனையும் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும்" என்ற நினைப்பு எப்போதாவது வந்திருக்கிறதா? நிறையப் பேருக்கு வருகிறது, வெளியே சொல்ல பயம். சொன்னால் யாரும் உங்களைத் தப்பான அம்மா என்று எழுதிவைக்கப் போவதில்லை. வந்திருந்தால் இன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள், 14416-க்குப் போன் போடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு எண் அது, 2022 அக்டோபரில் ஆரம்பித்தது. இலவசம், இரவு இரண்டு மணிக்கும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

ஓர் ஆய்வைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2004-ல் அமெரிக்காவில் எலிசா எபெல், எலிசபெத் பிளாக்பர்ன் குழுவினர் 58 அம்மாக்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். அதில் பெரும்பாலோர் நீண்டகால நோயுள்ள பிள்ளையை வளர்ப்பவர்கள். குரோமோசோமின் நுனியில் தொப்பி போல இருக்கும் டெலோமியர், வயதாக ஆகக் குட்டையாகும். மன அழுத்தம் மிக அதிகம் என்று சொன்ன அம்மாக்களுக்கு அது குறைந்தது பத்து வருட மூப்புக்குச் சமமாகக் குட்டையாகியிருந்தது. (பிளாக்பர்னுக்கு டெலோமியர் பற்றிய வேலைக்காக 2009-ல் நோபல் கிடைத்தது.) இதைச் சொல்லிப் பயமுறுத்துவது என் எண்ணம் இல்லை. அதே ஆய்வில், நோயுள்ள பிள்ளையின் அம்மா என்பதால் மட்டும் டெலோமியர் குட்டையாகிவிடவில்லை. எத்தனை வருடம் பார்த்துக்கொண்டார், எவ்வளவு அழுத்தத்தை உணர்ந்தார் என்பதோடுதான் அது சேர்ந்து போனது. அந்த அழுத்தத்தைக் குறைக்க வழி இருக்கிறது என்பதால்தான் நான் இந்த வேலையில் இருக்கிறேன்.

நம் ஊர்க் கதை ஒன்றும் உண்டு. வேலூர் சி.எம்.சி.யில் அறிவுத்திறன் குறைபாடு உள்ள பிள்ளைகளின் பெற்றோர் 57 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான சொற்பொழிவு. இன்னொரு பாதி பத்து வாரம் குழுவாக உட்கார்ந்து பேசினார்கள், கேட்டார்கள். 1999-ல் முடிவு வெளியானது. பேசிய பாதிப் பேருக்குத்தான் பிள்ளையைப் பார்க்கும் பார்வையில் நல்ல மாற்றம் தெரிந்தது.

அரசமரம் | காலை 11.50

என் மாமியார் நான் கிரகணத்தன்று வெளியே போனதால்தான் பிள்ளை இப்படி என்கிறார். பிள்ளையின் டாக்டர், டிவி பார்க்க விட்டீர்களா என்று கேட்கிறார். என் பையனுக்கு மூன்று வயது, போன மாதம்தான் ஆட்டிசம் என்று சொன்னார்கள். படித்தவர், படிக்காதவர் இரண்டு பேரும் என்னைத்தான் கைகாட்டுகிறார்கள்.

வேப்பமரத்தடி | மதியம் 12.20

அரசமரம், இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். ஆட்டிசத்தை முதலில் விவரித்து எழுதிய லியோ கானரே (1943) பின்னாளில் பெற்றோரின் பாசக் குறைவைப் பற்றி எழுதினார். புரூனோ பெட்டல்ஹைம் 1967-ல் அதைப் புத்தகமாகவே போட்டுப் பரப்பினார். பாசமில்லாத "ஐஸ்பெட்டி அம்மா"வால்தான் பிள்ளை இப்படி ஆனதாம். ஒரு தலைமுறை அம்மாக்கள் இந்தப் பழியைச் சுமந்தார்கள். அதைத் தப்பு என்று 1964-லேயே எழுதியவர் பெர்னார்ட் ரிம்லண்ட். அவருடைய மகனுக்கும் ஆட்டிசம். ஒரு அப்பாவுக்குக் கோபம் வந்ததால் நடந்தது அது.

ஆட்டிசத்துக்குப் பெரும்பங்கு காரணம் மரபணுவில்தான் என்று இப்போது ஆய்வுகள் சொல்கின்றன. கிரகணத்தில் இல்லை, உங்களிடமும் இல்லை. டிவியைக் குறைப்பது நல்லதுதான், எல்லாப் பிள்ளைக்கும். ஆனால் அதனால் வந்தது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

காவிரிக்கரை_அப்பா | மதியம் 1.10

இந்த இழையில் அப்பா யாரும் எழுதவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் மகளுக்கும் மூளை முடக்குவாதம், 8 வயது. போன வருடம்வரை நானும் நல்ல அப்பா என்றுதான் நினைத்திருந்தேன். சம்பாதிக்கிறேன், தெரபிக்கு வண்டியில் கூட்டிப்போகிறேன், கேட்டால் உதவி செய்கிறேன். ஒரு நாள் மனைவிக்கு டெங்கு, ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம். வீட்டில் மகளும் நானும். அவளுக்கு ஒரு டம்ளர் கூழ் கொடுக்க எனக்குத் தெரியவில்லை. புரை ஏறி முகம் சிவந்துவிட்டது. என் மனைவி டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும்போதே வீடியோ காலில் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். அன்றைக்கு எனக்கு வெட்கமாக இருந்தது என்று சொன்னால் போதாது.

அவள் திரும்பி வந்த பிறகு ஆறு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும், படுக்க வைத்து ஊட்டவே கூடாது. தலை பின்னால் சாயக் கூடாது, தாடை லேசாகக் கீழே இருக்க வேண்டும். நாம் நின்றுகொண்டு மேலிருந்து ஊட்டினால் அண்ணாந்து பார்ப்பாள், புரை ஏறும். அதனால் அவள் கண்மட்டத்தில் உட்கார்ந்து, ஸ்பூனைக் கீழிருந்து கொண்டுபோக வேண்டும். ஒரு வாய் முழுங்கியதைத் தொண்டையில் பார்த்த பிறகுதான் அடுத்த வாய்.

முதல் மூன்று வாரம் என்னிடம் சாப்பிடவே இல்லை. மனைவி உள்ளே வந்து வந்து பார்த்தாள். வராதே என்று கதவைச் சாத்தினேன். இப்போது ஞாயிறு மதியமும், மூன்று நாள் இரவுச் சாப்பாடும் என் பொறுப்பு. அவள் அந்த நேரத்தில் என்ன செய்கிறாள் என்று நான் கேட்பதில்லை.

பொருநைக்கரை, உங்கள் வீட்டுக்காரர் இதைப் படிப்பாரா?

பொருநைக்கரை | மதியம் 2.45

அண்ணா, அவர் நல்லவர். மகன் மேல் பாசம் அதிகம். ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் உறைத்தது. இந்த உலகத்தில் என் பிள்ளைக்குச் சோறு ஊட்டத் தெரிந்தது நான் ஒருத்திதான். எனக்குக் காய்ச்சல் வந்தால்கூட அவனுக்குப் பட்டினி. இதை நான் பெருமையாக வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாலாற்றங்கரை அக்கா, நீங்கள் கேட்ட கேள்விக்கு: ஒரு தடவை வந்தது. மூன்று வருடம் முன்பு. இப்போது இல்லை. எழுதும்போது விரல் நடுங்குகிறது, ஆனால் எழுதிவிட்டேன்.

பாலாற்றங்கரை | மதியம் 2.58

எழுதியது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும். டாக்டரிடமும் இதை இதே வார்த்தையில் சொல்லுங்கள். தனிச்செய்தியில் இருக்கிறேன். மறுபடி அந்த நினைப்பு தலைகாட்டினால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

நோட்டுப்புத்தகம் | மாலை 5.30

நான் பிசியோதெரபிஸ்ட். பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளுக்கு வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுக்கிறேன். இதை எழுதலாமா என்று யோசித்து யோசித்துத்தான் எழுதுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒவ்வொரு அம்மாவுக்கும் ஒரு நோட்டு கொடுப்பேன். எட்டுப் பயிற்சி, ஒவ்வொன்றும் பத்துத் தடவை, காலை மாலை. அடுத்த தடவை போகும்போது டிக் அடித்திருக்கிறதா என்று பார்ப்பேன். இல்லையென்றால் "தாய் ஒத்துழைப்பு இல்லை" என்று எழுதுவேன். அந்த அம்மா காலை நாலரைக்கு எழுந்து தண்ணீர் பிடித்து, மூத்த பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, நூறு நாள் வேலைக்கும் போய்வருகிறார் என்பதை நான் கேட்டதே இல்லை. ஒரு அம்மா என் முன்னாலேயே அந்த நோட்டை அடுப்பில் வைத்தார். அவருக்கு நான் இன்றுவரை கடன்பட்டிருக்கிறேன்.

இப்போது ஒரு நேரத்தில் இரண்டே விஷயம்தான் சொல்கிறேன். அதுவும் குளிப்பாட்டும்போதோ, சட்டை மாட்டும்போதோ செய்யக்கூடியதாக. தெரபி முழுவதையும் அம்மாவின் தலையில் ஏற்றிவிட்டு, குழந்தை முன்னேறவில்லை என்றால் அவர் குற்றவாளி ஆகிறார். இந்தப் பாவத்தில் எங்களுக்குப் பங்கு உண்டு.

பொருநைக்கரை, 31 தடவை, 27 கிலோ. அவன் இன்னும் வளர்வான், உங்கள் முதுகு வளராது. உங்கள் பிசியோவிடம் அவனுக்கான பயிற்சியைக் கேட்பதை விட்டுவிட்டு, உங்களுக்குத் தூக்கக் கற்றுத்தரச் சொல்லுங்கள். முதுகை வளைக்காமல் முட்டியை மடக்கி, பிள்ளையை நெஞ்சோடு ஒட்டிவைத்து எழ வேண்டும். கட்டிலும் நாற்காலியும் ஒரே உயரத்தில் இருந்தால் பாதித் தடவை தூக்கவே வேண்டாம், நகர்த்தினால் போதும். கட்டில் காலுக்குக் கீழே மரக்கட்டை வைத்து உயரத்தைச் சரிசெய்த வீடுகள் எனக்குத் தெரியும். உங்கள் பக்கத்து மாவட்டத்திலேயே ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கம் இருக்கிறது, 1981-லிருந்து. கிராமம் கிராமமாக வீட்டுக்குப் போகிற பணியாளர்கள் அவர்களுக்கு உண்டு. ஒரு தடவை போய்ப் பேசிப் பாருங்கள்.

ரெண்டாவது_பிள்ளை | இரவு 8.15

நான் அம்மா இல்லை, அக்கா. தம்பிக்கு டவுன் சிண்ட்ரோம், 20 வயது. எனக்கு 26.

அம்மா எப்போதும் "எனக்குப் பிறகு இவனுக்கு யாரு?" என்பார். என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொல்வார், ஆனால் என்னிடம் கேட்க மாட்டார். நானும் பதில் சொல்லாமல் எழுந்து போய்விடுவேன். இரண்டு பேரும் அதை வைத்துப் பல வருடம் தனித்தனியாக அழுதிருக்கிறோம். அவனுக்கு 18 முடிந்ததும்தான் உட்கார்ந்து பேசினோம். நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி (1999) ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 18 வயதுக்கு மேல் சட்டப்படியான காப்பாளரை நியமிக்கலாம். கலெக்டர் தலைமையில் உள்ளூர்க் குழு இருக்கிறது. அம்மாவை காப்பாளராகப் போட்டு வாங்கினோம். நிராமயா என்ற மருத்துவக் காப்பீடும் அதே டிரஸ்ட்தான். வருடம் ஒரு லட்சம் வரை, தெரபிச் செலவுக்கும் உண்டு.

அந்தக் காகிதத்தைவிட, அதற்காக மூன்று தடவை கலெக்டர் ஆபீஸ் பஸ்ஸில் அம்மாவும் நானும் சேர்ந்து போனதுதான் பெரிசு. "உனக்குக் கல்யாணம் ஆகி நீ எங்கே போனாலும் பரவாயில்லை, இவனோடு போனில் பேசுவாயா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். நான் இத்தனை வருடம் அவர் என் வாழ்க்கையையே கேட்கப்போகிறார் என்று பயந்திருக்கிறேன்.

சாக்பீஸ் | இரவு 9.00

வேலைக்குப் போகும் அம்மாக்களுக்கு ஒரு தகவல். மத்திய அரசுப் பெண் ஊழியர்களுக்குக் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு 730 நாள். மாற்றுத்திறனாளிப் பிள்ளை என்றால் வயது வரம்பு கிடையாது. இமாச்சலத்தில் ஒரு கல்லூரிப் பேராசிரியைக்கு இந்த விடுப்பு மறுக்கப்பட்டு, 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவருக்காகப் பேசியது. நான் தனியார் பள்ளியில் இருந்தேன், எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. பிள்ளைக்கு வலிப்பு வந்த மாதம் ஒன்பது நாள் லீவு எடுத்தேன், அடுத்த மாதம் வர வேண்டாம் என்றார்கள். பதினான்கு வருடம் கணக்கு நடத்தினேன். பிள்ளையைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள், என் வேலை போனதற்கு யாரும் வருத்தப்படவில்லை. எனக்கு அந்த வேலை பிடிக்கும். எங்காவது சொல்ல வேண்டும் போல இருந்தது.

நல்லதே_நினைப்போம் | இரவு 10.10

காலையிலிருந்து எல்லாவற்றையும் படித்தேன். வேப்பமரத்தடி கேட்டதற்காக அக்காவுக்குப் போன் செய்து, எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன். "என்னடா திடீர்னு" என்றார். அப்புறம் ஒன்றேகால் மணி நேரம் பேசினார். மாத்திரை பற்றி நான் எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

பொருநைக்கரை | பன்னிரண்டு நாள் கழித்து, இரவு 9.30

டாக்டரைப் பார்த்துவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன், அந்த மூன்று வருடம் முன்பு வந்ததையும். மாத்திரை கொடுத்திருக்கிறார், இன்னும் ஒன்றும் தெரியவில்லை. இரண்டு வாரத்தில் திரும்ப வரச் சொல்லியிருக்கிறார்.

காவிரிக்கரை அண்ணன் எழுதியதை வீட்டுக்காரரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவராகவே தட்டை எடுத்தார். மகன் அவர் முகத்தையே பார்த்துவிட்டு வாயை இறுக்கி மூடிக்கொண்டான். நான் எழுந்தேன். "நீ போ, எங்கேயாவது போ" என்றார். எங்கே போவது என்று தெரியவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு குறுக்குத்துறை வரைக்கும் நடந்தேன். படியில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் வைத்தேன். முதல் பத்து நிமிடம் வீட்டு ஞாபகம்தான், மூன்று தடவை போனை எடுத்துப் பார்த்தேன். அப்புறம் மீன் காலைக் கடித்தது.

திரும்பி வரும்போது சட்டையெல்லாம் சோறு, இரண்டு பேருக்கும். ஏழு வாய் சாப்பிட்டானாம். அவர் எண்ணியிருக்கிறார்.

காவிரிக்கரை அண்ணா, அவர் கேட்கச் சொன்னார். சோறு பரவாயில்லையாம், தண்ணீர் கொடுத்தால்தான் இருமுகிறானாம். என்ன செய்யலாம்?

காவிரிக்கரை_அப்பா | இரவு 9.50

ஏழு வாயா! என் மகள் முதல் ஞாயிறு என்னிடம் இரண்டுதான் வாங்கினாள்.

தண்ணீர்தான் கஷ்டம். வேகமாக ஓடுவதால் அவர்களால் சமாளிக்க முடியாது. கூழ் மாதிரிக் கொஞ்சம் கெட்டியாக இருப்பது எளிதாக இறங்கும். எங்களுக்கு ஸ்பீச் தெரபிஸ்ட் முழுங்குவதைப் பார்த்துவிட்டு, எவ்வளவு கெட்டி என்று சொன்னார். நீங்களும் ஒரு தடவை காட்டிவிடுங்கள், அடிக்கடி சளி, காய்ச்சல் வருகிறதா என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். அதுவரை டம்ளரில் கொடுக்க வேண்டாம். ஸ்பூனில் கொஞ்சம் கொஞ்சமாக. இருமினால் நிறுத்திவிட்டுக் காத்திருக்கச் சொல்லுங்கள். வேண்டுமானால் அவரையே எனக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.